ரௌட்டர், சுவிட்ச்சுடன் நேரடியாகப் பேச ஒரு கேபிள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு நெட்வொர்க் என்றால் வீட்டு மூலையில் விளக்கு மின்னிக்கொண்டிருக்கும் வைஃபை ரௌட்டர்தான். அதில் ஏதாவது மாற்ற வேண்டுமானால் பிரவுசரைத் திறந்து 192.168.1.1 போன்ற ஒரு முகவரியை டைப் செய்கிறோம். ஒரு பக்கம் திறக்கிறது. பாஸ்வேர்டைக் கொடுத்து உள்ளே போய் வேலையை முடித்துவிடுகிறோம்.

ஆனால் அந்த முகவரியே தெரியாவிட்டால் என்ன செய்வது? சாதனம் புத்தம் புதியது, அதற்கு முகவரியே இன்னும் தரப்படவில்லை என்றால்? அல்லது நெட்வொர்க்கே படுத்துவிட்டது, எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்றால்? அலுவலகங்களில் உள்ள ரௌட்டர், சுவிட்ச்களில் இந்த நிலைமைக்கென்றே தனியாக ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் கன்சோல் போர்ட். அதில் செருகும் கேபிள் கன்சோல் கேபிள். சில நூறு ரூபாயில் கிடைக்கும் இந்தக் கேபிளைப் பயன்படுத்தத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால், ஓர் அலுவலகத்தின் அரை நாள் வேலை வீணாகாமல் காப்பாற்றலாம். அது எப்படி என்று பார்ப்போம்.

கன்சோல் போர்ட் என்ன செய்கிறது?

நான் இருப்பது உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, அமராவதி அணையை ஒட்டிய அமராவதி நகரில். எங்கள் ஊர் உதாரணமே இதற்குப் பொருத்தமாக இருக்கும். அணைத் தண்ணீர் கால்வாய் வழியாக வயலுக்குப் போகிறது. ஆனால் எவ்வளவு தண்ணீர் விடுவது என்பதைக் கால்வாயில் நின்றுகொண்டு மாற்ற முடியாது. அணைக்குப் போய் ஷட்டரைத் திருப்ப வேண்டும்.

சுவிட்ச்சிலும் இப்படித்தான். அதன் முன்பக்கம் வரிசையாக இருக்கும் 8, 24 அல்லது 48 போர்ட்கள் எல்லாம் கால்வாய்கள். அவற்றில் தகவல் ஓடுகிறது. கன்சோல் போர்ட்டில் அந்தத் தகவல் எதுவும் ஓடாது. அதன் வழியாக இன்டர்நெட் வராது, ஃபைல் பகிர முடியாது. சாதனத்துக்குக் கட்டளை கொடுக்கவும் அது தரும் பதிலைப் படிக்கவும் மட்டுமே அது இருக்கிறது. ஐ.பி. முகவரி எதுவும் அதற்குத் தேவையில்லை. சாதனத்தில் மின்சாரம் இருந்தால் போதும், கன்சோல் பதில் சொல்லும்.

இதன் அடிப்படை மிகப் பழையது. ஆர்.எஸ்-232 என்ற இந்த சீரியல் இணைப்பு முறை 1960-இல் தரப்படுத்தப்பட்டது. பெரிய கம்ப்யூட்டர் ஓர் அறையில் இருக்கும். அதோடு பேச, திரையும் கீபோர்டும் மட்டும் கொண்ட டெர்மினல் இன்னோர் அறையில் இருக்கும். 1978-இல் டெக் நிறுவனம் வெளியிட்ட விடி-100 என்ற டெர்மினல் மிகவும் புகழ் பெற்றது. இன்று டெர்மினல் சாதனங்கள் இல்லை. ஆனால் நம் கம்ப்யூட்டரில் ஒரு சிறிய சாஃப்ட்வேரை ஓட்டினால் அது டெர்மினலாக நடிக்கும். ரௌட்டரும் அதை நம்பிப் பேசும்.

வேகம் மிகக் குறைவு. பெரும்பாலான சாதனங்களில் வினாடிக்கு 9600 பிட். ஓர் எழுத்துக்கு, தொடக்கக் குறி, முடிவுக் குறி எல்லாம் சேர்த்து 10 பிட் ஆகும். ஆக, வினாடிக்கு 960 எழுத்து. 80 எழுத்து அகலமும் 24 வரி உயரமும் உள்ள ஒரு திரை நிரம்ப 2 வினாடி பிடிக்கும். சினிமா பார்க்க இது உதவாது. ஆனால் கட்டளை கொடுக்க இதுவே தாராளம்.

கேபிளில் எத்தனை வகை?

சிஸ்கோ சாதனங்களுடன் பல ஆண்டுகளாக வரும் கேபிள் தட்டையாக, வெளிர் நீல நிறத்தில் இருக்கும். ஒரு முனையில் லேன் கேபிளில் இருப்பது போன்ற ஆர்.ஜே-45 கனெக்டர். மறுமுனையில் 9 துளை கொண்ட டி.பி-9 கனெக்டர். இதை ரோல்ஓவர் கேபிள் என்கிறார்கள். காரணம், 1-ஆவது கம்பி மறுமுனையில் 8-ஆவது இடத்துக்குப் போகும், 2-ஆவது 7-க்குப் போகும், இப்படி எல்லாமே தலைகீழாகத் திருப்பப்பட்டிருக்கும். ஆகவே பார்க்க லேன் கேபிள் போல இருந்தாலும் சாதாரண லேன் கேபிள் இதற்கு மாற்றாகாது.

இன்றைய லேப்டாப்களில் டி.பி-9 போர்ட் கிடையாது. எனவே ஒரு முனையில் யு.எஸ்.பி., மறுமுனையில் ஆர்.ஜே-45 உள்ள கேபிளை வாங்குவது நல்லது. சீரியல் தகவலை யு.எஸ்.பி.க்கு மாற்றும் சிப் அந்தக் கேபிளுக்குள்ளேயே இருக்கும். பழைய நீலக் கேபிள் கையில் இருந்தால் அதற்கு யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் மட்டும் வாங்கிக்கொள்ளலாம். புதிய சுவிட்ச்கள் பலவற்றில் யு.எஸ்.பி. கன்சோல் போர்ட்டே இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. எல்லா நிறுவனங்களும் கன்சோல் போர்ட்டில் கம்பிகளை ஒரே வரிசையில் வைப்பதில்லை. வாங்கும் முன் உங்கள் சாதனத்தின் மாடல் எண்ணைச் சொல்லி, அதற்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள்.

கம்ப்யூட்டரைத் தயார் செய்தல்

1. கேபிளின் யு.எஸ்.பி. முனையைக் கம்ப்யூட்டரில் செருகுங்கள். டிரைவரை விண்டோஸ் தானே தேடிப் போட்டுக்கொள்ளும். இல்லாவிட்டால் கேபிள் தயாரித்தவர் தரும் டிரைவரை இன்ஸ்டால் செய்யுங்கள்.

2. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். அதில் போர்ட்ஸ் என்ற பிரிவை விரித்தால் புதிய சீரியல் போர்ட்டும், பக்கத்தில் காம்3, காம்5 என ஓர் எண்ணும் தெரியும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் எச்சரிக்கைக் குறி தெரிந்தால் டிரைவர் சரியில்லை என்று பொருள். போலி சிப் போட்ட மலிவான கேபிள்கள் பல இப்படித்தான் தகராறு செய்யும்.

3. மறுமுனையை ரௌட்டர் அல்லது சுவிட்ச்சில் கன்சோல் என்று எழுதியிருக்கும் போர்ட்டில் செருகுங்கள். பக்கத்திலேயே அதே வடிவத்தில் லேன் போர்ட்களும் இருக்கும். எழுத்தைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

4. விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்தில் ஹைப்பர்டெர்மினல் என்ற புரோகிராம் கூடவே வந்தது. விஸ்டாவிலிருந்து அதை நீக்கிவிட்டார்கள். இப்போது புட்டி அல்லது டெரா டெர்ம் பயன்படுத்தலாம். இரண்டும் இலவசம். புட்டியைத் திறந்து கனெக்‌ஷன் டைப் என்ற இடத்தில் சீரியல் என்பதைத் தேர்வு செய்யுங்கள். காம் எண்ணையும் 9600 என்ற வேகத்தையும் கொடுங்கள்.

5. இடது பக்கப் பட்டியலில் கீழே உள்ள சீரியல் பிரிவுக்குப் போய் டேட்டா பிட் 8, ஸ்டாப் பிட் 1, பேரிட்டி நன், ஃப்ளோ கண்ட்ரோல் நன் என்று அமையுங்கள். புட்டியில் ஃப்ளோ கண்ட்ரோல் வேறு மதிப்பில் இருக்கும். அதை மாற்ற மறக்காதீர்கள்.

6. ஓப்பன் பட்டனை கிளிக் செய்யுங்கள். கறுப்புத் திரை மட்டும் வரும். பயப்பட வேண்டாம். என்டர் கீயை ஒன்றிரண்டு முறை தட்டுங்கள். சுவிட்ச் என்ற சொல்லும் அதன் பின்னால் > என்ற குறியும் தெரிந்தால் நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள்.

லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்கள் டெர்மினலைத் திறந்து ஸ்க்ரீன் என்ற கட்டளையைப் பயன்படுத்தலாம்.

முதல் கட்டளைகள்

கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும். இங்கே அவற்றின் உச்சரிப்பைத் தருகிறேன். இவை சிஸ்கோ சாதனங்களுக்கானவை. மற்ற நிறுவனங்களில் சொற்கள் சற்று மாறும், முறை ஒன்றுதான்.

புத்தம் புதிய சாதனம் என்றால் ஆரம்ப அமைப்புக் கேள்விகளுக்குப் போகலாமா என்று அதுவே கேட்கும். நோ என்று பதில் கொடுங்கள். பிறகு 'எனேபிள்' என்று டைப் செய்தால் > குறி மறைந்து # குறி வரும். > இருக்கும்போது நீங்கள் பார்வையாளர். # இருக்கும்போது நிர்வாகி.

புதியவர்கள் முதலில் பார்க்கும் கட்டளைகளோடு நின்றுகொள்வது நல்லது. 'ஷோ வெர்ஷன்' என்றால் மாடல், சாஃப்ட்வேர் பதிப்பு, எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பதெல்லாம் வரும். 'ஷோ ஐ.பி. இன்டர்ஃபேஸ் ப்ரீஃப்' என்றால் எந்தப் போர்ட் உயிரோடு இருக்கிறது, சாதனத்தின் முகவரி என்ன என்று தெரியும். 'ஷோ ரன்னிங்-கான்ஃபிக்' என்றால் இப்போது நடப்பில் உள்ள மொத்த அமைப்பும் திரையில் ஓடும். ஷோ என்று தொடங்கும் கட்டளைகள் எதையும் மாற்றுவதில்லை. ஆகவே தைரியமாகக் கொடுத்துப் பார்க்கலாம். எந்த இடத்திலும் ? குறியைத் தட்டினால் அடுத்து என்னென்ன டைப் செய்யலாம் என்று சாதனமே பட்டியல் தரும்.

மாற்ற வேண்டுமானால் 'கான்ஃபிகர் டெர்மினல்' என்று கொடுத்து அமைப்பு நிலைக்குள் போக வேண்டும். 'ஹோஸ்ட்நேம்' கட்டளையால் சாதனத்துக்குப் பெயர் வைக்கலாம். 'எனேபிள் சீக்ரெட்' கட்டளையால் நிர்வாகி பாஸ்வேர்டு வைக்கலாம். கொடுத்த கட்டளையை நீக்க அதன் முன்னால் 'நோ' சேர்த்து மீண்டும் கொடுங்கள்.

இங்கே ஒன்றை முக்கியமாகக் கவனியுங்கள். நீங்கள் செய்யும் மாற்றம் உடனே அமலுக்கு வரும், ஆனால் நிரந்தரமாகச் சேமிக்கப்படாது. மின்சாரம் போய் வந்தால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகு 'காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்' என்று கொடுத்துச் சேமிக்க வேண்டும். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. செய்த மாற்றத்தால் குழப்பம் வந்தால், சேமிக்காமல் சாதனத்தை அணைத்துப் போட்டால் போதும். பழைய அமைப்பு வந்துவிடும்.

லேபிள் அடிக்காத பிரிண்டர்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் என் நண்பர் கணக்குப் பிரிவில் இருக்கிறார். ஒரு நாள் பேக்கிங் பிரிவில் பார்கோடு பிரிண்டரை வேறு மூலைக்கு மாற்றி வைத்து, அங்கிருந்த லேன் போர்ட்டில் இணைத்தார்கள். பிரிண்டர் வேலை செய்யவில்லை. அட்டைப் பெட்டிகளுக்கு லேபிள் அடித்தால்தான் லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பும். பிரிண்டர் கெட்டுவிட்டது என்று வேறு பிரிண்டர் கொண்டுவந்தார்கள். அதுவும் வேலை செய்யவில்லை. சுவிட்ச்சை அமைத்துக் கொடுத்தவர் வேலையை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. பாஸ்வேர்டு ஒரு நோட்டில் இருந்தது. சுவிட்ச்சின் முகவரி எங்கும் இல்லை. "முகவரியே தெரியாம இதுக்குள்ள எப்படிங்க போறது?" என்று நண்பர் போனில் கேட்டார்.

கன்சோல் கேபிளோடு போனேன். உள்ளே நுழைந்து 'ஷோ விலான் ப்ரீஃப்' என்று கொடுத்ததும் காரணம் தெரிந்துவிட்டது. விலான் என்பது ஒரே சுவிட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் வசதி. அலுவலகக் கம்ப்யூட்டர்கள் விலான் 10-இலும், சி.சி.டி.வி. கேமராக்கள் விலான் 20-இலும் இருந்தன. பிரிண்டரை இணைத்த 14-ஆவது போர்ட் கேமராக்களின் பக்கம் இருந்தது. கேபிள் நன்றாக இருந்தது, பிரிண்டர் நன்றாக இருந்தது, விளக்கும் பச்சையாக எரிந்தது. ஆனால் சுவர் தாண்டிய பக்கத்து வீட்டில் அதை இணைத்திருந்தார்கள். அந்தப் போர்ட்டின் அமைப்புக்குள் போய் 'ஸ்விட்ச்போர்ட் ஆக்சஸ் விலான் 10' என்று ஒரு வரி கொடுத்ததும் லேபிள் அடிக்கத் தொடங்கியது. அமைப்பைச் சேமித்தேன். சுவிட்ச்சின் முகவரியையும், எந்தப் போர்ட் எந்த விலான் என்பதையும் ஒரு தாளில் எழுதி ரேக் கதவின் உட்புறம் ஒட்டினோம். பாஸ்வேர்டை அதில் எழுதவில்லை.

இது சின்ன கம்பெனிகளுக்கு மட்டும் வரும் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். 2021 அக்டோபர் 4 அன்று இரவு வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாம் ஏறத்தாழ 6 மணி நேரம் நின்றுபோனது நினைவிருக்கும். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, ஃபேஸ்புக்கின் டேட்டா சென்டர்களை இணைக்கும் மொத்த நெட்வொர்க்கையும் துண்டித்துவிட்டது. தொலைவிலிருந்து உள்ளே நுழையும் வழிகளும் சேர்ந்தே அடைபட்டன. கடைசியில் பொறியாளர்கள் டேட்டா சென்டர்களுக்கு நேரில் போக வேண்டியிருந்தது. அங்கே கெடுபிடியான பாதுகாப்பைத் தாண்டிச் சாதனங்களை நெருங்கவே நேரம் பிடித்தது என்று அந்த நிறுவனமே பிறகு விளக்கம் தந்தது. எவ்வளவு பெரிய நெட்வொர்க்காக இருந்தாலும், கடைசி வழி சாதனத்தின் முன்னால் போய் நிற்பதுதான்.

திரையில் ஒன்றும் வரவில்லையா?

* திரை வெறுமையாகவே இருந்தால்: காம் எண் சரியா என்று பாருங்கள். யு.எஸ்.பி. முனையை வேறு போர்ட்டில் செருகினால் எண் மாறியிருக்கலாம். கேபிள் கன்சோல் போர்ட்டில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

* எழுத்து வருகிறது, நாம் டைப் செய்வது மட்டும் போகவில்லை என்றால்: ஃப்ளோ கண்ட்ரோலை நன் என்று மாற்றுங்கள்.

* கட்டம், கேள்விக்குறி, கிறுக்கல் எழுத்துகள் வந்தால்: வேகம் பொருந்தவில்லை. மைக்ரோடிக் சாதனங்களுக்கு 115200, டி.பி.-லிங்க் ஜெட்ஸ்ட்ரீம் வரிசையின் பல மாடல்களுக்கு 38400. முன்பு பயன்படுத்தியவர் வேகத்தை மாற்றியும் வைத்திருக்கலாம்.

* போர்ட்டைத் திறக்க முடியவில்லை என்று புட்டி சொன்னால்: வேறொரு புட்டி விண்டோ ஏற்கனவே அந்தப் போர்ட்டைப் பிடித்துவைத்திருக்கிறது. அதை மூடுங்கள்.

சாவி யார் கையில்?

கன்சோல் போர்ட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. பாஸ்வேர்டு மறந்துபோனால் அதை மாற்றும் வழியும் இதில்தான் இருக்கிறது. சிஸ்கோ சுவிட்ச்கள் பலவற்றில், முன்பக்கம் உள்ள மோட் பட்டனை அழுத்திக்கொண்டு மின்சாரம் கொடுத்தால், சேமித்த அமைப்பைப் படிக்காமல் அது எழுந்திருக்கும். பிறகு பழைய அமைப்பைத் திரும்பக் கொண்டுவந்து புதிய பாஸ்வேர்டு வைக்கலாம். இதற்குச் சுவிட்ச்சை அணைக்க வேண்டும், அத்தனை நேரமும் நெட்வொர்க் நிற்கும். ஆகவே வேலை நேரத்தில் இதைச் செய்யாதீர்கள்.

இதை நீங்கள் செய்ய முடியும் என்றால் வேறு யாரும் செய்ய முடியும். சுவிட்ச்சைத் தையல் பிரிவுச் சுவரில் திறந்தபடி மாட்டி வைத்திருந்தால், கேபிளோடு வரும் எவரும் நிர்வாகிதான். எனவே பூட்டிய ரேக்கில் வையுங்கள். கன்சோலுக்கும் தனிப் பாஸ்வேர்டு வையுங்கள்.

இன்னொரு விஷயம், செகண்ட் ஹேண்ட் சாதனங்கள். 2023-இல் ஈசெட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பழைய அலுவலக ரௌட்டர்களை விலைக்கு வாங்கிப் பார்த்தார்கள். சோதித்த 16 நெட்வொர்க்குகளின் சாதனங்களில் 9-இல் முந்தைய உரிமையாளரின் அமைப்பு முழுவதும் அழிக்கப்படாமல் இருந்தது. அந்தக் கம்பெனி யாரோடு தொடர்பில் இருந்தது, எந்த வழியாக உள்ளே நுழையலாம் என்பதெல்லாம் அதில் தெரிந்தது. பழைய சுவிட்ச்சை விற்கும் முன் கன்சோலில் நுழைந்து 'ரைட் இரேஸ்' என்று கொடுங்கள். விலான் விவரங்கள் தனி ஃபைலில் இருக்கும், அதையும் அழியுங்கள். பிறகு 'ரீலோட்' கொடுத்து, காலியாகத்தான் எழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வாங்குபவர்களும் இதையே முதல் வேலையாகச் செய்யுங்கள்.

வீட்டு ரௌட்டரில் என்ன செய்வது?

வீட்டு வைஃபை ரௌட்டரில் வெளியே கன்சோல் போர்ட் இருக்காது. சிலவற்றின் உள்ளே சர்க்யூட் போர்டில் சீரியல் இணைப்பு உண்டு. ஆனால் அது 3.3 வோல்ட்டில் வேலை செய்வது. கன்சோல் கேபிளில் வருவது ஆர்.எஸ்-232 அளவு, அதாவது 15 வோல்ட் வரை கூடப் போகலாம். நேரடியாக இணைத்தால் ரௌட்டர் பழுதாகிவிடும். திறந்து பார்க்க வேண்டாம்.

உங்களுக்கான வழி எளிது. வைஃபையில் நுழைய முடியாவிட்டால் லேன் கேபிளால் ரௌட்டரை நேரடியாகக் கம்ப்யூட்டரோடு இணையுங்கள். அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள முகவரியை பிரவுசரில் கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால் பின்பக்கச் சிறு துளைக்குள் இருக்கும் ரீசெட் பட்டனைக் குண்டூசியால் சுமார் 10 வினாடி அழுத்துங்கள். ஆனால் அதற்கு முன் உங்கள் இன்டர்நெட் இணைப்பின் யூசர்நேம், பாஸ்வேர்டு கையில் இருக்கிறதா என்று பாருங்கள். ரீசெட் செய்தால் அவையும் அழிந்துவிடும்.

சாதனம் இல்லாமல் பழகுவது எப்படி?

சுவிட்ச் வாங்கித்தான் கற்க வேண்டும் என்பதில்லை. சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிவு செய்தால் பேக்கெட் ட்ரேசர் என்ற சாஃப்ட்வேர் இலவசமாகக் கிடைக்கும். அதில் ஒரு சுவிட்ச்சையும் ஒரு கம்ப்யூட்டரையும் திரையில் இழுத்து வையுங்கள். கேபிள் பட்டியலில் வெளிர் நீலக் கன்சோல் கேபிளைத் தேர்வு செய்து, கம்ப்யூட்டரின் ஆர்.எஸ்-232 போர்ட்டையும் சுவிட்ச்சின் கன்சோல் போர்ட்டையும் இணையுங்கள். கம்ப்யூட்டரை கிளிக் செய்து டெஸ்க்டாப், டெர்மினல் என்று போனால் மேலே சொன்ன கறுப்புத் திரை வரும். மேலே சொன்ன கட்டளைகள் எல்லாவற்றையும் கொடுத்துப் பழகலாம். எதையும் கெடுத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம்.

கை பழகிய பிறகு, உங்கள் அலுவலகத்திலோ தெரிந்த கம்பெனியிலோ சுவிட்ச் இருந்தால், பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டு ஒரு வேலையை மட்டும் முதலில் செய்யுங்கள். புட்டியில் லாகிங் பிரிவில் எல்லா அவுட்புட்டையும் ஃபைலில் சேமிக்கும்படி அமைத்துவிட்டு, உள்ளே நுழைந்து 'ஷோ ரன்னிங்-கான்ஃபிக்' கொடுங்கள். மொத்த அமைப்பும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாகக் கிடைக்கும். அதில் பாஸ்வேர்டுகள் படிக்கும்படியே இருக்கக்கூடும் என்பதால் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். பென் டிரைவில் போட்டுப் பொறுப்பாளரிடம் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். என்றாவது ஒரு நாள் அந்தச் சுவிட்ச் எரிந்துபோனால், புதிய சுவிட்ச்சில் இந்த அமைப்பை மீண்டும் ஏற்றிவிடலாம். கன்சோல் கேபிளையும் அதே ரேக்கில் மாட்டி வையுங்கள். தேவைப்படும் நேரத்தில் அதைத் தேடி ஓட முடியாது.